குட் டச் பேட் டச் கிளாஸுக்கு கையெழுத்து போடலாமா?

சிஸ்டர், ஸ்கூல்ல குடுத்த சம்மத ஃபார்ம்ல தாராளமா போடுங்க. மூணாங்கிளாஸ் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு, கெட்டுப்போயிடுவான்னு உங்க மாமியார் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, எங்க வீட்லயும் இதே பாட்டுதான். இந்த வயசு பசங்களுக்கு அந்த கிளாஸ்ல செக்ஸ் பத்தி ஒண்ணும் எடுக்கமாட்டாங்க, உடம்புல எந்தெந்த இடத்த மத்தவங்க தொடக்கூடாது, தொட்டா கத்தணும், அங்கேர்ந்து ஓடி வந்து நம்புற பெரியவங்க கிட்ட சொல்லணும், யாராவது "அம்மாகிட்ட சொல்லாத"ன்னா அத கண்டிப்பா சொல்லணும், அவ்ளோதான்.

"ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகும்"னு அவங்க கேக்குறது தான் எனக்கு கடுப்பு. குழந்தைங்கள பாலியல் கொடுமைலேர்ந்து காப்பாத்துற 2012 போக்சோ சட்டத்துல ஆண் பெண் வித்தியாசமே இல்ல, 18 வயசுக்கு கீழ எல்லாருக்கும் பொருந்தும். தப்பா நடந்துக்குறவனும் பெரும்பாலும் தெரிஞ்ச ஆளாதான் இருப்பான்.

கிளாஸ் முடிஞ்சு வந்ததும் குடைஞ்சு கேக்காதீங்க, சாப்பாடு போடறப்போ சும்மா பேச்சு குடுங்க. ஏதாவது சொன்னா அதிர்ச்சிய மூஞ்சில காட்டாம கேளுங்க, திட்டிட்டீங்கன்னா அடுத்த தடவை வாயே திறக்கமாட்டான். அப்படி ஏதாவது நடந்திருந்தா, குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு எந்நேரமும் ஃப்ரீயா கூப்பிடலாம். புள்ளய ஸ்டேஷனுக்கு இழுக்கணுமேன்னும் பயப்பட வேணாம், போலீஸ் வீட்டுக்கோ புள்ள சொல்ற இடத்துக்கோ வந்து யூனிஃபார்ம் இல்லாமதான் வாக்குமூலம் வாங்கணும்னு அந்த சட்டத்துலயே இருக்கு.

அப்புறம் ஒண்ணு, பாட்டிக்கு முத்தம் குடுடான்னு அவன கட்டாயப்படுத்தாதீங்க, மாமியார் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, பிடிக்காத தொடுதலுக்கு வேணாம்னு சொல்லலாம்னு அப்பதான் அவனுக்குப் புரியும்.