ஜெர்மனியில் முதல் சில வாரங்கள்: வாசகர் கேள்வி-பதில்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் (செமஸ்டர்) அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. விசா கைக்கு வந்ததும் நெல்லைச் சீமையிலிருந்து வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மதிப்பெண், சான்றிதழ் கவலையெல்லாம் போய், சட்டி பானையும் வீட்டுச் சாவியும் வந்துவிடும். அவற்றில் சில இங்கே.

மகனுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டியாச்சு. போய் இறங்கினதும் அதிலிருந்து எடுத்துக்கிடலாம்லா? கையில தனியா பணம் கொடுத்து விடணுமா?
– ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

இறங்கியதும் எடுக்க முடியாது. பிளாக்டு அக்கவுண்ட் என்பது, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்காகக் காட்ட முடக்கி வைக்கும் கணக்கு. அந்தப் பணம் மாதம் 992 யூரோ என்ற கணக்கில்தான் திறக்கும். அதுவும் உங்கள் மகன் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு இருந்தால்தான் அதற்குள் வந்து விழும். அந்தக் கணக்கைத் தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆக, வீடு அமையாதவரை பணமும் அசையாது. பெற்றோர் பலர் கணக்குத் தப்புவது இந்த இடத்தில்தான்.

400 யூரோ வாடகை அறை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர், சூடேற்றும் செலவு எல்லாம் சேர்த்து 480 ஆகும். முன்பணமாக, இந்தச் செலவுகள் சேராத அடிப்படை வாடகையைப் போல மூன்று மடங்கு வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை மூன்று மாதத் தவணையாகக் கொடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. முதல் மாத வாடகையும் முதல் தவணையும் சேர்ந்தாலே 880. சாப்பாடு, பஸ், சிம் கார்டுக்கு 300. பருவக் கட்டணம் இன்னும் கட்டவில்லை என்றால் அது ஊருக்கு ஊர் 100 முதல் 400 வரை. ஆகவே ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) 1,500 யூரோவும், நோட்டாக 200 அல்லது 300-ம் கொடுத்துவிடுங்கள். முன்பணம் முழுவதையும் ஒரே தடவையில் கேட்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. அதற்கு மேற்கொண்டு 800 யூரோ அனுப்பத் தயாராக இருங்கள்.

முகவரிப் பதிவுக்கு என்னென்ன கொண்டு போகணும்? பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருக்கு. பிரச்சினை வருமா?
– மாணவி, அம்பாசமுத்திரம்

இந்தப் பதிவுக்கு ஆன்மெல்டுங் என்று பெயர். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், நிரப்பிய விண்ணப்பம், நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற படிவம் ஆகியவை தேவை. அந்தப் படிவத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற நகரங்களில் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், பக்கத்து அலுவலகத்தில் நேரம் இல்லை என்றால் மற்றதில் தேடுங்கள். இரண்டு வாரம் தாண்டித்தான் நேரம் கிடைக்கிறது என்றால், முன்பதிவு மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பெயரால் அலுவலகத்தில் தொல்லை இல்லை, தபாலில்தான் தொல்லை. அங்கே கடிதம் குடும்பப் பெயருக்குத்தான் வரும். உங்கள் விஷயத்தில் அது அப்பாவின் பெயர். தபால் பெட்டியில் தோழிகள் கூப்பிடும் பெயரை மட்டும் ஒட்டினால், தபால்காரர் 'ஆள் இல்லை' என்று திருப்பிவிடுவார். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. வரி எண் கைக்கு வராமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஆகவே சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணிப் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் ஓர் அறை என்றாலும் இதே கதைதான்.

விண்ணப்பத்தில் மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். ரோமன் கத்தோலிக்கர் அல்லது எவாஞ்சலிக் (புராட்டஸ்டண்ட்) என்று பதிவானால், பிற்பாடு வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சேரும். வருமான வரியே இல்லாத மாணவருக்கு இது சுமை இல்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்காராம். இரண்டு மாத வாடகை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். படங்கள் அருமையாக இருக்கு.
– மாணவர், கடையநல்லூர்

அனுப்பாதீர்கள். வீட்டை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்காமல் ஒரு காசும் போகக்கூடாது. நல்ல ஆளாக இருந்தாலும் 'இந்த முகவரியில் பதிவு செய்யலாமா?' என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் அந்த அறை உங்களுக்கு உதவாது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கும் விண்ணப்பித்து வையுங்கள். தனி வீடு என்றால் பல சமயம் சமையல் மேடையும் விளக்கும்கூட இருக்காது. விளம்பரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்கர், மிக்ஸி கொடுத்து விடலாமா? நெய், கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் விடுவாங்களா? பிள்ளைக்குத் தாளிச்சுச் சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி.
– ஒரு தாயார், சங்கரன்கோவில்

அம்மா, நெய்யை இங்கேயே வைத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு, பால்கோவாவையும் விட்டுவிடுங்கள். கருவாட்டுக்கு, மீன் வகை என்ற கணக்கில் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. சட்டம் விடும், பக்கத்து அறைக்காரர் விடுவாரா என்பது வேறு பேச்சு. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். காயவைத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். இட்லிப் பொடி, வற்றல், உடன்குடிக் கருப்பட்டி போகட்டும். அரிசி மூட்டை வேண்டாம். பெரிய நகரங்களில் ஈழத் தமிழர் கடைகளில் இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும்.

குக்கர் வாங்குமுன் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அலுமினியக் குக்கரின் வழக்கம் அது. கண்ணாடித் தட்டு மின்னடுப்பில் அலுமினியமும் வேலை செய்யும். எந்த அடுப்பு என்று தெரியாதவரை, இண்டக்‌ஷன் அடி உள்ள 3 லிட்டர் ஸ்டீல் குக்கரே நல்லது. கேஸ்கட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று உபரியாக வையுங்கள்.

மிக்ஸிக்கு மின்சாரம் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம தடித்த மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. எர்த் தொடர்புள்ள, 10 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சட்னி அரைத்தால் கதவைத் தட்டுவார்கள்.

தாளிப்புத்தான் பெரிய சங்கதி. வீடுகளில் புகை உணரும் கருவி கட்டாயம். விடுதியில் அது மைய அலாரத்தோடு இணைந்திருந்தால், வறுத்த மிளகாய் நெடிக்கும் புகைக்கும் தீயணைப்பு வண்டி வந்து, கட்டணச் சீட்டும் வரலாம். எண்ணெய் புகையும் அளவுக்குக் காயவிடாமல், கடுகு வெடிக்கத் தொடங்கியதும் மூடியால் மூடி, அடுப்பை அணைத்த பிறகு மிளகாயைப் போடச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறக்கட்டும்; நடைபாதைக் கதவைத் திறந்தால் புகை நேரே அலாரத்துக்குத்தான் போகும். மாவு புளிக்கவில்லை என்றால், ஓவனில் சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க வைக்கலாம்.

மாதம் 40 யூரோவில் காப்பீடு தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா?
– மாணவர், வள்ளியூர்

30 வயது ஆகாத மாணவருக்கு அரசு முறைக் காப்பீடு மாதம் சுமார் 150 யூரோ. தனியார் காப்பீட்டுக்காக அதிலிருந்து விலக்கு எழுதி வாங்கினால், படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. பல்லுக்கும் மருத்துவமனைக்கும் கையிலிருந்து கட்டும்போதுதான் 40 யூரோவின் விலை தெரியும். ஆனால் அரசு முறை, பருவம் தொடங்கும் நாளிலிருந்துதான் செல்லும். செப்டம்பர் 20-இல் இறங்கினால் 30 வரை பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

எந்தக் கிழமை போய் இறங்கினால் நல்லது?
– மாணவி, தென்காசி

திங்கள் முதல் வியாழனுக்குள். ஞாயிறன்று பெரிய ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க் தவிர மற்றக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. பருவ பஸ் பாஸ் அக்டோபர் 1-க்கு முன் செல்லாது. டிக்கெட் இல்லாமல் சிக்கினால் 60 யூரோ.

விசா ஆறு மாதத்துக்குத்தான் ஒட்டியிருக்கு. பொங்கலுக்கு ஊருக்கு வரலாமா?
– மாணவர், சேரன்மகாதேவி

விசா முடியுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். பதிவுச் சான்று வந்த வாரமே எழுதிப் போடுங்கள். விசா செல்லும் தேதிக்குள் போய்த் திரும்பினால் சிக்கல் இல்லை. தேதி தாண்டி, அட்டையும் வரவில்லை என்றால், 'விண்ணப்பம் கிடைத்தது' என்ற மின்னஞ்சலை நம்பி விமானம் ஏறாதீர்கள். அட்டை வரும்வரை தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, திரும்பி நுழைய அனுமதிக்கும் பிரிவில் அது தரப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மையும் ரீசார்ஜ் செய்து, ரோமிங்கைத் திறந்தே வைத்திருங்கள். கல்விக் கடன் வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.