நடையும் ஓட்டமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நடை ஆய்வும் பிசியோதெரபியும் என் வேலை. உடல் எப்படி நகர்கிறது என்பது பற்றி எதையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூட்டு வீங்கியிருந்தாலோ, வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, கால் மரத்துப்போனாலோ இங்கே கேட்க வேண்டாம். நேரில் மருத்துவரைப் பாருங்கள்.

கே: ஒரு மணி நேரம் வீசி நடந்தால்கூட எனக்குக் களைப்பில்லை. அருங்காட்சியகத்தில் நின்று நின்று நடந்தால் கால் கடுக்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. நடக்கும்போது உடல் தலைகீழாக நிறுத்திய ஊசல் போல வேலை செய்கிறது. ஊன்றிய காலின் மேல் உடல் ஏறும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. உச்சியைத் தாண்டியதும் முன்னால் சரிந்து, உயரத்தைக் கொடுத்து வேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இயல்பான வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடக்கையில், இந்தக் கொடுக்கல் வாங்கலில் தேவையான ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் மிச்சமாகிறது. மீதியைத்தான் தசைகள் ஈடுகட்டுகின்றன.

அந்த மீதி எங்கே போகிறது? ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் மோதி ஆற்றலை இழக்கிறது. மறு கால் ஊன்றப்போகும் நேரத்தில் பின்காலின் கெண்டைக்கால் தசை உந்தி அதை நிரப்புகிறது. மிக மெதுவாக நடந்தாலோ, நின்று நின்று நடந்தாலோ ஊசல் குலைந்துவிடும். ஒவ்வொரு அடியையும் தசையே புதிதாகத் தொடங்க வேண்டும். போதாததற்கு, அசையாமல் நிற்கும்போது காலின் ரத்தமும் கீழேயே தேங்குகிறது.

கே: வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தானாக ஓடத் தொடங்குகிறோமே?

ஊன்றிய காலைச் சுற்றி உடல் ஒரு வில்பாதையில் போகிறது. அந்தப் பாதையில் உடலைப் பிடித்துவைப்பது புவியீர்ப்பு மட்டுமே. 90 சென்டிமீட்டர் நீளக் காலுக்கு அந்தப் பிடி நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரைதான். நாம் அதற்கு வெகு முன்பே, சுமார் 2 மீட்டரில், ஓட்டத்துக்கு மாறிவிடுகிறோம். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் எல்லையே 1.2 மீட்டர்தான். நமது சாதாரண நடை வேகம்கூட அங்கே அதிகம். அப்போலோ வீரர்கள் துள்ளித் துள்ளிப் போனதற்கு இது முக்கியக் காரணம். ஓட்டத்தில் ஊசல் போய் சுருள்வில் வந்துவிடுகிறது: கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் இழுபட்டு, அடியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சேமித்துத் திருப்பித் தருகிறது.

கே: நடக்கும்போது கையை வீசுவது எதற்கு?

கால்கள் உடலை முறுக்குகின்றன. கைகள் அந்த முறுக்கைச் சமன் செய்கின்றன. 2009இல் வெளியான ஓர் அளவீட்டில், கையை அசையாமல் வைத்து நடந்தவர்களுக்கு 12 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது.

கே: உடற்பயிற்சிக்கு மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலத்தாலா?

இல்லை. லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இந்த வலியோ ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சம் அடைகிறது. தசை நீண்டுகொண்டே தாங்கும்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் காரணம். மலையேறுவதைவிட இறங்கியதற்குத்தான் தொடை அதிகம் வலிக்கும். இறங்கும்போது தொடைத் தசை பிரேக்காக வேலை செய்கிறது.

கே: மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறுமா?

மேலே எழுதியதைப் படியுங்கள். வெளியேற்ற அங்கே எதுவும் தங்கியிருக்கவில்லை.

கே: லாக்டிக் அமிலம் சேராமலிருக்க என்ன சாப்பிடலாம்?

மூன்றாவது முறை. லாக்டேட் விஷம் இல்லை. இதயம்கூட அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கே: தினமும் 10,000 அடி கட்டாயமா?

1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ வரம்பு அல்ல.

கே: ஓடும்போது முன்பாதம் ஊன்றுவதா, குதிகாலா?

வலியில்லாமல் ஓடுகிறீர்கள் என்றால் மாற்றாதீர்கள். முன்பாதத்துக்கு மாறினால் முழங்காலின் சுமை கெண்டைக்காலுக்கும் தசைநாணுக்கும் போகும். திடீரென மாற்றிவிட்டுத் தசைநாண் வலியோடு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கே: அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

இடது கையில்.

கே: அதெப்படி சார்? சாய்கிற சுவருக்குச் சாய்கிற பக்கம்தானே முட்டுக் கொடுப்போம்?

நீங்கள் சொன்ன சுவரையே எடுத்துக்கொள்வோம். வலது காலில் மட்டும் நிற்கும்போது உடல் எந்தப் பக்கம் சரியப் பார்க்கிறது? ஆதாரமில்லாத இடப்பக்கம்தான். அதைத் தடுக்க வலது இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு, ஊன்றிய காலை நீக்கினால் 50 கிலோ. அந்த எடை மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, தசை 5 சென்டிமீட்டர் தள்ளி என்று வைப்போம். சமநிலைக்குத் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். மூட்டின் மேல் மொத்தம் 150.

இப்போது மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, இடது கை தடியை 5 கிலோ அளவுக்கு மட்டும் அழுத்தட்டும். தசைக்கு 60 போதும்; தடி தாங்கும் 5 போக மூட்டின் சுமை 105. ஐந்து கிலோ அழுத்தத்தில் நாற்பத்தைந்து குறைகிறது! தோராயக் கணக்குதான், ஆனால் நெம்புகோலின் பலன் இதுவே.

கே: என் அப்பா வலிக்கிற பக்கமே பிடித்து நிம்மதியாக நடக்கிறாரே? கணக்கை நம்புவதா, அவரை நம்புவதா?

அவரை நம்புங்கள், நிம்மதி உண்மைதான். ஆனால் அது தடி தந்தது அல்ல. அவர் உடலை அந்தப் பக்கம் சாய்க்கிறார். எடை மூட்டுக்கு நேர் மேலே வருகிறது, 10 சென்டிமீட்டர் குறைகிறது. அதற்கான விலையை முதுகெலும்பு கொடுக்கும். மறு கைக்கு மாற்றிச் சில நாள் பழகவிட்டு, அவரையே கேளுங்கள்.

கே: அம்மாவிடம் இடது கையில் கொடுத்தேன். தடுமாறுகிறார்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பருகே இருக்க வேண்டும். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போகட்டும், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். முதல் சில நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.