எனக்கென்ன பைத்தியமா?

போன இதழில் தூக்கமின்மை பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றியதே இல்லை, எல்லாம் மனசைப் பற்றியவை. ஒருவர் விடாமல் எல்லோரும் கடைசி வரியில் "பெயர் போட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரை, மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. சரி, பெயர் இல்லாமலே பார்ப்போம்.

*கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்செரிச்சல், தலை கிறுகிறுப்பு, கை கால் அசதி, வாயில் ருசியே இல்லை என்கிறார். இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார். "எனக்கென்ன பைத்தியமா, நான் என்ன நடிக்கிறேனா" என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எப்படிக் கூட்டிப் போவது? (சங்கரன்கோவில் வாசகி)*

அம்மா நடிக்கவில்லை. முதல் வேலையாக இதை அவரிடம் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் "எல்லாம் நார்மல்" என்று டாக்டர் சொல்லும்போது அது நோயாளி காதில் "நீ பொய் சொல்கிறாய்" என்றுதான் விழுகிறது. எரிச்சல் நிஜம். அது இரைப்பையிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

என் ஓ.பி.க்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். உள்ளே நாலைந்து வருஷத்து ரிப்போர்ட்டுகள், அடியில் கிடக்கும் இசிஜி தாளில் கோடே மங்கிப் போயிருக்கும். "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்த அம்மா ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நம் மொழியிலேயே துக்கம், பயம், பொறாமை எல்லாம் உடம்பில்தானே இருக்கின்றன: நெஞ்சு கனக்கிறது, வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதனால் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்த எரிச்சல் மட்டும் போனாப் போதும்" என்பார்கள். நான் அப்படிக் கேட்பதை விட்டு வெகுநாள் ஆயிற்று. காலையில் எத்தனை மணிக்கு முழிப்பு வருது, மூணு மணிக்கா? சீரியல் பார்க்கிறீங்களா? ஒரு அம்மா சொன்னார், "டிவி அதுபாட்டுக்கு ஓடும் சார், நான் சுவத்தைப் பார்த்துட்டு இருப்பேன்." அதற்கு மேல் நான் கேட்க என்ன இருக்கிறது?

துக்கமா, நோயா என்று எப்படிப் பிரிப்பது? துக்கம் அலை மாதிரி வரும், போகும். அப்பாவின் சட்டையைப் பார்த்தால் அழுகை வரும், பேரன் மடியில் ஏறினால் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயில் பேரன் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும் இருந்து, தூக்கம், சாப்பாடு, வீட்டு வேலை எல்லாம் தடம் புரண்டால் அதற்கு வைத்தியம் வேண்டும். அதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றும் பார்த்துவிடுங்கள். இத்தனை ஸ்கேன் எடுத்தவர்கள் அநேகமாக இந்த ரத்தப் பரிசோதனைகளை விட்டிருப்பார்கள். தைராய்டு குறைந்தாலே இதே அசதி, இதே சோர்வு வரும்.

கூட்டிப் போகும்போது கண், பல் டாக்டர் என்று பொய் சொல்லாதீர்கள். வாசலில் போர்டைப் படித்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டரிடமும் வர மாட்டார். "இந்த எரிச்சலையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம். 1997இல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது எல்லா மாவட்டத்திலும் இருப்பதால், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே டாக்டர் வருவார், எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிற மாதிரி வெளியே வந்துவிடுங்கள். மகள் எதிரில் சொல்லாததை அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்வார்.

*கேள்வி: எனக்கு ஓசிடி டாக்டர். வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினால் பிடிக்காது, எல்லாம் நீட்டாக இருக்க வேண்டும். இதைக் குறைக்க வழி உண்டா? (திருச்சி வாசகர்)*

உங்களுக்கு இருப்பது சுத்தம். கொஞ்சம் பிடிவாதமும் இருக்கலாம், அதை உங்கள் வீட்டம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோய் வந்தவருக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இருக்காது. காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஏழு தடவை திரும்பி வருவார், மூடியிருக்கிறது என்று அவருக்கே தெரியும், தெரிந்தும் எட்டாவது தடவை வருவார். சாமி கும்பிடும்போது சாமியைப் பற்றியே அசிங்கமான எண்ணம் வந்து, அதைக் கழுவ ஒரு மணி நேரம் குளிப்பவர்கள் உண்டு, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே பத்து வருஷம் ஓட்டிவிடுவார்கள். இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால், இது பாவம் இல்லை, வியாதி. மாத்திரையும் உண்டு, பயத்தை எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.

*கேள்வி: தம்பிக்கு 23 வயது. எட்டு மாதமாகக் குளிப்பதில்லை, ராத்திரி தனியாகப் பேசுகிறான். எதிர்வீட்டுக்காரர் செல்போன் வழியாகத் தன் மனசைப் படிக்கிறார் என்கிறான். கோடாங்கியிடம் பார்த்தோம், செய்வினை என்றார். பெரியப்பா, ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கச் சொல்கிறார். (விருதுநகர் மாவட்ட வாசகர்)*

பெண் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஒரு பழமொழி சொல்வோமே, அதைக் கேலிக்குச் சொன்னார்கள் என்பதை மறந்துவிட்டு வைத்தியமாகவே எடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வந்த பெண் ஆறே மாதத்தில் திரும்பிப் போவாள், பழியும் அவள்மேல்தான் விழும். நோயை மறைத்துச் செய்த கல்யாணம் கோர்ட் வரைக்கும் போகும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மனச்சிதைவு நோயாக இருக்கலாம், நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆண்களுக்குப் பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும். வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் போக்கு மாறுவதால், சம்பந்தமே இல்லாத விஷயங்கள் எல்லாம் தன்னைக் குறிவைத்தே நடப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். மருந்து அதைத்தான் சரிசெய்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, நீங்கள் ஏற்கெனவே எட்டு மாதத்தை விட்டுவிட்டீர்கள்.

கால்கட்டு என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிதான் நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் வரை விஷயம் போனது. இப்போது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது எங்கேயும் எந்த வடிவிலும் கூடாது. அதே ஏர்வாடி தர்காவிலும், திருச்சி பக்கம் குணசீலம் கோயிலிலும் பின்னாளில் அரசு மனநல டாக்டர்களே போய் மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள், தொழுகையும் விரதமும் அதுபாட்டுக்கு நடக்கும். எனவே கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. மாத்திரையோடு போங்கள். கோடாங்கிக்குக் கொடுக்கும் காசை மட்டும் நிறுத்துங்கள், அடிப்பவராக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தம்பி வர மாட்டேன் என்பான். அவனைப் பொறுத்தவரை நோய் எதிர்வீட்டுக்காரருக்கு! அவன் சொல்வதைப் பொய் என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். "அவர் படிக்கிறாரோ இல்லையோ, நீ ராத்திரியெல்லாம் தூங்காமல் தவிக்கிறாய், அதற்குப் பார்ப்போம்" என்றால் பல பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். காபியில் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். ஏற்கெனவே எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புகிறவன், ஒருநாள் கண்டுபிடித்தால் அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொட மாட்டான். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. யாரையாவது அடிக்கவோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளவோ போனால் தாமதிக்காமல் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குடும்பத்தார் கேட்டு உள்நோயாளியாகச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கல்யாணமே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. நன்றாகத் தேறி, ஒரு வேலையில் நின்று, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிற காலம் வரட்டும். அன்றைக்கு எதிர்த் தரப்பிடம் முழுசாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

*கேள்வி: நான் சென்ட்ரிங் வேலை பார்ப்பவன். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன், இரண்டு மாதமாக நன்றாக இருக்கிறேன். பழக்கமாகிவிடும், நிறுத்து என்கிறார் மனைவி. (கோவை வாசகர்)*

தளம் போட்ட மூன்றாம் நாளே சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். இதுவும் அதே கதைதான். நன்றாக ஆன பிறகு குறைந்தது ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல், தொடர வேண்டும். அதற்கு முன் பிரித்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

இந்த மாத்திரை சாராயம் மாதிரி அடிமையாக்காது, டோஸ் ஏற்று ஏற்று என்று கேட்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் சில நாள் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று ஓர் உணர்வு எல்லாம் வரும், அதனால் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் மனைவி பயப்படுவது வேறு மாத்திரைக்குப் பொருந்தும்: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை. அவற்றைக் கொஞ்ச நாளுக்கு மேல் தொடர்ந்தால் நிஜமாகவே பழக்கமாகும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தின்பவர்கள் கவனிக்க.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஸ்சிடலோபிராம் சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். ஆண்கள் பலர் இதனால்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள், டாக்டரிடம் மட்டும் "மறந்துட்டேன் சார்" என்பார்கள். சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது.

*கேள்வி: என் மச்சான் விவசாயி, போர்வெல் கடன். இரண்டு மாதமாக யாரிடமும் பேச்சில்லை. போன வாரம் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்றார். நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)*

இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் இவரிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும், கேட்பதால் அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், "சாகலாம்னு தோணுதா மச்சான்?" என்றே கேட்கலாம். ஆமாம் என்றால் பிள்ளைகளைக் காட்டி "இதுகளை விட்டுட்டா?" என்று ஆரம்பிக்காதீர்கள், அவரே தன்னைப் பாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள், தனியாக விடாதீர்கள். சொல்பவன் செய்ய மாட்டான் என்பது தப்பு, சொல்லிவிட்டுச் செய்தவர்கள் ஏராளம்.

அப்புறம் அந்த மருந்து. பயிருக்கு அடிப்பதையும் உடம்புக்குக் குடிப்பதையும் நாம் ஒரே பெயரில்தான் அழைக்கிறோம், ஒரே வீட்டில்தான் வைக்கவும் செய்கிறோம். அது வீட்டில் இருக்கவே கூடாது, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற இந்த வேகம் பல சமயம் சில மணி நேரத்தில் தணிகிற வேகம். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருடைய பூச்சிமருந்தையும் ஊர்ப் பொது இடத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவின் முயற்சி அது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309ஆவது பிரிவே கிடையாது. பத்திரிகையில் தற்கொலைச் செய்திக்கு இன்னமும் "தீராத வயிற்றுவலி" என்று போடுகிறோமே, அதைப் போய் டாக்டரிடமும் சொல்லாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. சினேகாவின் எண் 044-24640050.

தஞ்சாவூர்க்காரர் மறுநாளே மச்சானை வரப்பில் வைத்துக் கேட்டிருக்கிறார். பத்து நிமிஷம் போல அழுதாராம். அப்புறம் டீ கேட்டாராம். வியாழக்கிழமை இரண்டு பேரும் ஓ.பி.க்கு வருகிறார்கள்.