மூச்சுப் பயிற்சி செய்தும் தூக்கம் வரவில்லை, மூளையில் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 48. ஐந்து மாதங்களாகப் படுத்தவுடன் தூக்கம் வருவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் புரண்டுகொண்டே இருக்கிறேன். இணையத்தில் பார்த்து மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, எண்களைத் தலைகீழாக எண்ணுவது என்று எல்லாவற்றையும் செய்துவிட்டேன். மூச்சை ஆழமாக இழுத்து விட்டால் விரல் நுனிகள் மரத்து, நெஞ்சு படபடக்கிறது. கண் அயரும் நேரத்தில் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. தூக்கமே வராமல் இறந்துபோகும் மூளை நோய் ஒன்று இருப்பதாகப் படித்ததிலிருந்து இரவானாலே பயம். அக்காவுக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலாம் மாத்திரையில் பாதியை வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் போட்டுக்கொள்கிறேன். நான் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்று பிறகு திணறுவதாகவும் என் கணவர் சொல்கிறார். அவர் எதையும் பெரிதாக்குவார். போன வாரம் கார் ஓட்டும்போது ஒரு கணம் கண் செருகிவிட்டது. எனக்கு ஏற்ற தளர்வுப் பயிற்சி எது?

மருத்துவர் பதில்:

நீங்கள் படித்துப் பயந்த அந்த நோயை இன்றே மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். 1986-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் விவரித்த அந்நோய், பிரியான் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்படும் குறிப்பிட்ட பிறழ்வால், உலகம் முழுவதிலும் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே தலைமுறைவழியாக வருகிறது. அது கண்டவர்களுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு மங்கும், உடல் மெலிந்துகொண்டே போகும். மாதங்கள் செல்லச் செல்ல வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது கண்கூடாகத் தெரியும். குடும்பத்தில் யாரும் அப்படி நோயுற்றதாக எழுதாத, ஐந்து மாதங்களுக்குப் பிறகும் இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதும் உங்களுக்கு அதைப் பற்றிய சோதனை எதுவும் தேவையில்லை. நள்ளிரவில் கைபேசியை எடுத்து நோய்க்குறிகளைத் தேடுகிறவர்களின் கண்ணில் அரிதிலும் அரிதான நோயே முதலில் படுகிறது. அதைப் படித்த பயத்திலேயே மிச்சமிருந்த தூக்கமும் போய்விடுகிறது. அந்தத் தேடலை நிறுத்துங்கள் என்று கண்டிப்புடனேயே சொல்கிறேன். உடல் தூக்கிவாரிப் போடுவதும் தீங்கற்றது. விழிப்பிலிருந்து உறக்கத்துக்குள் நழுவும் வேளையில் தசைகள் ஒருமுறை வெட்டியிழுப்பது பெரும்பாலானோருக்கு எப்போதாவது நேர்கிறது. களைப்பும் பதற்றமும் காபியும் கூடும் நாள்களில் அதுவும் சற்றுக் கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை, நீங்கள் கவலைப்படாமல் எழுதிச் சென்ற கடைசி வரிகள். கணவர் எதையும் பெரிதாக்குகிறவராகவே இருக்கட்டும். உறங்குகிறவருக்குத் தம் மூச்சு நின்றது தெரியாது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அருகில் படுப்பவர் சொல்வதைத்தான் மருத்துவர் முதல் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்கு மூச்சுப்பாதை முழுவதுமாகவே அடைபட்டு, பத்து நொடிகளோ அதற்கு மேலோ காற்று உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்த மூளை அவரைச் சில நொடிகள் எழுப்பி, ஒரு திணறலோடு பாதையைத் திறந்துவிட்டு, மீண்டும் உறக்கத்துக்கு அனுப்புகிறது. காலையில் அவருக்கு இவற்றில் எதுவும் நினைவிருப்பதில்லை. இதைத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய், அதாவது ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். இது பருத்த உடல்வாகு கொண்ட ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குப் பிறகு பெண்களுக்கும் இதன் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அதோடு, பெண்களில் பலர் குறட்டையைப் பற்றிச் சொல்லாமல், தூக்கம் வரவில்லை, எப்போதும் அசதி, காலையில் தலைவலி என்ற முறையீடுகளோடு வருவதால், நோய் கண்டறியப்படாமல் தள்ளிப்போகிறது.

பதற்றத்தால் தூக்கம் கெட்டவர்களைப் பகலில் படுக்கச் சொன்னால், உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தாலும் கண் மூடுவதில்லை என்றே பெரும்பாலும் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்திலோ வாகனத்திலோ தம்மை அறியாமல் கண் செருகுகிறது என்றால், இரவில் கிடைக்கும் தூக்கமே துண்டு துண்டாக அறுபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆகவே, மருத்துவரைப் பார்த்து இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை நீங்கள் கார் ஓட்ட வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. கண் செருகும் அந்த ஒரு கணத்தில் உங்கள் உயிரோடு சாலையில் செல்லும் மற்றவர்களின் உயிரும் சேர்ந்தே இருக்கிறது. நீங்கள் உறங்கும்போது எழும் ஓசையை இரண்டு மூன்று இரவுகள் கைபேசியில் பதிவுசெய்யும்படி கணவரிடம் சொல்லுங்கள். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடமோ, நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போய்த் தூக்க ஆய்வு தேவையா என்று கேளுங்கள். பலருக்கு அந்த ஆய்வை இப்போது வீட்டிலேயே சிறு கருவியைப் பொருத்திச் செய்துவிட முடிகிறது. மணிக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் மூச்சு தடைபட்டு, பகல் தூக்கம் போன்ற தொல்லைகளும் இருந்தால் நோய் உறுதியாகும். முப்பதை எட்டினால் அது கடுமையானது. சிகிச்சையும் நன்றாகவே இருக்கிறது: முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் முறை 1981-ஆம் ஆண்டிலிருந்தே பயன்பட்டு வருகிறது. கவனிக்காமல் விட்டால் உயர் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்புக் கோளாறுகளும் சேர்ந்துகொள்ளும். எந்தத் தளர்வுப் பயிற்சியாலும் இந்த அடைப்பைத் திறக்க முடியாது.

இனி பயிற்சிகளுக்கு வருகிறேன். மூச்சடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படுத்தபின் ஒரு மணி நேரம் புரள்வது தனியாகக் கவனிக்க வேண்டியதுதான். இரண்டும் ஒருவருக்கே இருப்பது அரிதும் இல்லை. படுத்த இருபது நிமிடங்களுக்குள் தூங்கிவிடுவது இயல்பு. அரை மணிக்கு மேல் ஆகும் இரவுகள் வாரத்துக்கு மூன்றாவது இருந்து, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். உங்களுடையது அந்த வரையறைக்குள் வருகிறது. நீங்கள் செய்து பார்த்த பயிற்சிகளில் குறையில்லை. அவற்றைத் தூக்க மாத்திரைபோல் பயன்படுத்தினீர்கள், அதனால்தான் பலிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கி, தூக்கம் வந்துவிட்டதா, இன்னும் ஏன் வரவில்லை என்று நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்கு, கை கால்கள் தளர்ந்தாலும் அந்தக் கண்காணிப்பு தளர்வதில்லை. ஒவ்வொரு முறை எட்டிப் பார்ப்பதும் ஒரு சிறு விழிப்பாகவே முடிகிறது.

அதனால் முதல் இரண்டு வாரங்களுக்குப் பயிற்சியைப் படுக்கைக்கே கொண்டுபோகாதீர்கள். பிற்பகலிலோ மாலையிலோ, நாற்காலியில் சாய்ந்தபடி, பதினைந்து நிமிடம் செய்யுங்கள். அப்போது தூக்கம் வர வேண்டிய கட்டாயம் இல்லாததால், உடல் தளர்வதை மட்டும் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1920-களில் வகுத்தளித்த தசைத் தளர்வு முறையைத்தான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். கால் விரல்களை உங்கள் பக்கமாக இழுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உள்ள தசையை ஐந்து முதல் ஏழு நொடிகள் இறுக்குங்கள். முழு பலத்தையும் காட்ட வேண்டாம், விரல்களைக் கீழ்நோக்கி அழுத்தவும் வேண்டாம், தசை பிடித்துக்கொள்ளும். பிறகு மெதுவாக இல்லாமல் சட்டென்று விட்டுவிட்டு, இருபது முப்பது நொடிகள் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். இதேபோல் தொடை, வயிறு, கை, தோள், தாடை, நெற்றி என்று மேலே வாருங்கள். இறுக்குவதிலேயே பலர் கருத்தாக இருந்துவிட்டு, விட்டபின் வரும் அரை நிமிடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பாடம் முழுவதும் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. தாடையையும் தோளையும் நாள் முழுவதும் இறுக்கியே வைத்திருந்தோம் என்பது பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. ஜேக்கப்சன் தம்மிடம் வந்தவர்களுக்கு இதை மாதக்கணக்கில் கற்பித்தார் என்பதை நினைத்தால், மூன்று இரவுகளில் பலிக்கவில்லை என்று கைவிடுவது எவ்வளவு அவசரமான முடிவு என்பது விளங்கும்.

மூச்சுப் பயிற்சியில் உங்களுக்கு விரல் மரத்ததற்கும் படபடத்ததற்கும் காரணம் எளியது. 'ஆழமாக' என்ற சொல்லை நம்பி, உடலுக்குத் தேவையானதைவிட அதிகமான காற்றை இழுத்து வெளியேற்றியிருக்கிறீர்கள். இரத்தத்தில் கார்பன்டையாக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்தால் விரல் நுனியும் உதடும் மரக்கும், தலை லேசாகச் சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு ஆழமாக இருக்க வேண்டிய தேவையில்லை, மெதுவாக இருந்தால் போதும். மூக்கு வழியாக நான்கு நொடிகள் சாதாரண அளவில் இழுத்து, ஆறு நொடிகள் விடுங்கள். இடையில் அடக்க வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றே குறைகிறது; அதனால்தான் விடும் நேரத்தை நீட்டச் சொல்கிறோம். இவ்வளவு சொல்லியும் மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறதென்றால், தசைப் பயிற்சி ஒன்றே போதும் என்று அதை விட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

எண்களைத் தலைகீழாக எண்ணுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை; கவலை அதற்கு இணையாகவே ஓடிக்கொண்டிருக்க இடம் இருக்கிறது. அதைவிட, படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. அப்படி எழுதியவர்கள், முடித்துவிட்ட வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாக 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வக ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டு வாரங்கள் கழித்துப் பயிற்சியைப் படுக்கையில் செய்யத் தொடங்கும்போது, தூங்குவதற்காகச் செய்கிறேன் என்ற எண்ணத்தை அறவே விட்டுவிட்டு, இருட்டில் கண்களைத் திறந்தபடி, இன்னும் சிறிது நேரம் விழித்தே இருக்கப்போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், விக்டர் பிராங்கல் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் வழிவந்த இந்த முறையால், தூங்கியாக வேண்டும் என்ற முயற்சியிலிருந்து விடுபட்டவர்கள் உண்டு. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். சுமார் இருபது நிமிடங்கள் கடந்துவிட்டதாகத் தோன்றி, எரிச்சலும் வரத் தொடங்கினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த இந்த ஒழுங்கு, படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மனம் பழகிப்போனதை மாற்றுவதற்கானது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். படுக்கையில் இருக்கும் மணி நேரத்தையே குறைக்கச் சொல்லும் இன்னொரு முறையும் இணையத்தில் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அது பயனுள்ள முறைதான், ஆனால் பகலில் கண் செருகும் ஒருவர் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. தளர்வுப் பயிற்சி அதன் ஒரு பகுதி மட்டுமே என்பதால், தனியாக அதனிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு வருத்தமும் கோபமும் ஒருசேர இருக்கிறது. அல்பிரசோலாம் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, மூச்சு அடைபடும்போது எழுப்பிவிடும் மூளையின் எச்சரிக்கையையும் மழுங்கச் செய்யக்கூடியது. மூச்சடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒருவர் தாமாக எடுத்துக்கொள்ளத் தகாத மருந்துகளில் அது முதல் வரிசையில் இருக்கிறது. நீங்கள் எழுதியபடி வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் பாதி மாத்திரைதான் என்றால், இன்றோடு நிறுத்திவிடலாம். உண்மையில் அது தினசரி வழக்கமாகி வாரங்கள் கடந்திருந்தால், திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்புகூட வரக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எதுவாக இருந்தாலும், எத்தனை நாள், எவ்வளவு என்பதைத் தூக்க ஆய்வுக்கு எழுதித்தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்திய முதல் சில இரவுகளில் தூக்கம் முன்னைவிடத் தள்ளிப்போகலாம். மருந்து விலகும்போது வரும் எதிர்வினை அது, சில நாள்களில் அடங்கும். அந்த இரவுகளில் கை அதைத் தேடாமல் இருக்க, மிச்சமுள்ள மாத்திரைகளை நாளைக்கே அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.