குடத்துக்குக் குயவன் என்றால் உலகத்துக்கு யார்?

"குடம் இருந்தால் குயவன் இருப்பான், அதுபோல உலகத்தைச் செய்த கடவுளும் இருக்க வேண்டும்" என்ற வாதம் செல்லுமா என்பதுதானே கேள்வி? தர்க்கத்தை மையமாகக் கொண்ட இந்தியத் தத்துவ மரபான நியாய தரிசனத்தாரின் பழைய வாதம் இது, கேட்டதும் தலையாட்டத் தோன்றும். ஆனால் 7ஆம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி சரியான இடத்தில் கை வைத்தார்: புற்றும் மண்தான், அதையும் குயவன் வனைந்தான் என்போமா? குடம் வனைவதைப் பல தடவை பார்த்திருப்பதால்தான், யார் செய்ததென்று தெரியாத குடத்துக்கும் ஒரு குயவனை ஊகிக்கிறோம். மலையை யாரும் செய்து நாம் பார்த்ததில்லையே. (இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது, இந்த வழி அடைபடுகிறது, அவ்வளவுதான்.) அப்புறம், குயவனுக்குக் கை கால் உண்டு, கடவுளுக்கு? உடம்பு தேவையில்லை, அறிவும் முயற்சியும் போதும் என்று நியாய தரிசனத்தார் சமாளித்தார்கள். எனக்கென்னவோ அது ஒட்டுப்போட்ட பதிலாகத்தான் படுகிறது.