பதில்: டோர் பிரிட்ஜ் பில் எகிறுகிறது

நீங்கள் ஓட்டும் டோர் பிரிட்ஜில் (அடையாளம் மறைக்கும் டோர் வலையமைப்புக்குள், தணிக்கையுள்ள நாட்டில் இருப்பவரும் நுழைய வழிவிடும் சர்வர்) டிராஃபிக் அளவு வரம்பான அக்கவுண்டிங்மேக்ஸை 1 டெராபைட் என்று வைத்தும் வாடகை சர்வர்க்காரர் கூடுதல் பில் போட்டதாகச் சொல்கிறீர்கள். அந்த வரம்பு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். பிரிட்ஜில் வருவதெல்லாம் திரும்பப் போகும். சர்வர்க்காரருடையது இரண்டையும் கூட்டிக் கணக்கிடும் திட்டமென்றால் 2 டெராபைட் வரை போய்விடும். எண்ணும் முறையைச் சொல்லும் அக்கவுண்டிங்ரூலை 'சம்' (sum, கூட்டுத்தொகை) என்று மாற்றினால் டோரும் கூட்டி எண்ணும்.

ஆனால் மாதம் முடியுமுன் வரம்பைத் தொட்டால் டோர் அடுத்த கணக்குக் காலம் வரை தூங்கிவிடும். தணிக்கையுள்ள நாட்டில் உங்கள் பிரிட்ஜை நம்பியிருப்பவர், வரம்பு 20ஆம் தேதி தீர்ந்தால், அன்றே அம்போ. அதைவிட வேக வரம்பான ரிலேபேண்ட்வித்ரேட்டை 175 கேபைட்ஸ் (விநாடிக்கு 175 கிலோபைட்) என்று வையுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் மாதம் முழுக்க ஓடினாலும் இரு திசையும் சேர்ந்து 1 டெராபைட்டுக்குள் அடங்கும்.

பில்லுக்காக நன்கொடை கேட்பது அப்புறம். முதலில் டிராஃபிக்குக்குத் தனிக்கட்டணம் இல்லாத திட்டமாகத் தேடுங்கள், அதில் 'நியாயமான பயன்பாடு' பத்தியைக் கட்டாயம் படியுங்கள் (பொறி அங்கேதான்). சர்வர் மாறினால் ஐபியும் மாறும், பழைய பிரிட்ஜ் வரி (பயனர் தம் டோரில் ஒட்டும் முகவரி வரி) வேலை செய்யாது. எனவே பழையதை உடனே அணைக்காமல் கொஞ்ச நாள் இரண்டையும் ஓட்டுங்கள்.