நாலரைக்கே இருட்டும் ஊரில் நாலு நாள்

கேள்வி: ஜனவரியில் ஆறு வாரம் மியூனிக்கில் மகள் வீட்டில் இருக்கப்போகிறோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் நடுவில் நாலைந்து நாள் நானும் என் கணவரும் மட்டும் வேறொரு ஊருக்குப் போய்வரலாம் என்று எண்ணம். மியூசியம், பழைய கட்டடங்கள், இசை, இவைதான் எங்களுக்குப் பிடித்தவை. வெனிஸ், பிராக், வியன்னா, மாட்ரிட் என்று நாலு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். “ஆஃப் சீசனில் எல்லாம் மூடிக்கிடக்கும், நாலு மணிக்கே இருட்டிவிடும், பணம்தான் வீண்” என்கிறார்கள் தெரிந்தவர்கள். கணவருக்கு வயது 67, முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கர்நாடக சங்கீதம் கேட்பேன், மேற்கத்திய இசை எதுவும் தெரியாது. எந்த ஊருக்குப் போகலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

டீச்சர், கணக்குக்கு விடையை முதலில் சொல்லிவிட்டு வழிமுறைக்கு அப்புறம் வருகிறேன். வியன்னா.

உங்களை பயமுறுத்தியவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஜனவரி நடுவில் வியன்னாவில் நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். காலை ஏழே முக்கால் வரைக்கும் விடியாது. பகலிலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் ஊசலாடும். ஆனால் “எல்லாம் மூடிக்கிடக்கும்” என்பது கடற்கரை ஊருக்குப் பொருந்துகிற பேச்சு. ஆஃப் சீசன் என்பது சுற்றுலாக்காரர்களின் கணக்கு. அந்த ஊர்க்காரர்களுக்கு அதே மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வியன்னாவின் ஓபரா, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம், செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. கூட்டம் கூட்டமாகப் பயணிகள் வந்து இறங்கும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே பூட்டுத்தான் தொங்கும். ஜனவரியிலோ ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் நிகழ்ச்சி. போதாததற்கு, நகரத்து மண்டபங்களில் நடன விருந்துகளும் அந்த மாதங்களில்தான். நம் ஊரில் மார்கழியில் சபாக்களை விட்டுவிட்டு மே மாதம் வந்து “கச்சேரியே இல்லையே” என்று கேட்பவரைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அதுதான் கோடையில் வியன்னாவுக்குப் போகிறவர் கதை.

மற்ற மூன்று ஊர்களை ஏன் கழித்தேன் என்றும் சொல்ல வேண்டும். வெனிஸ் ஜனவரிப் பனிமூட்டத்தில் அழகுதான், கூட்டமும் இராது. ஆனால் அந்த ஊரில் நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிகள். முழங்கால் வலிக்காரரை அங்கே அழைத்துப் போனால் இரண்டாம் நாளே உங்கள் இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இருக்காது. பிராக் கோட்டை மேட்டில் இருக்கிறது, பழைய நகரத்துத் தெருக்கள் கல் பாவியவை, கோட்டைத் தோட்டங்களைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மியூனிக்கிலிருந்து ரயிலில் போக வியன்னாவைவிடக் கூடுதல் நேரம் ஆகும். மாட்ரிட்டை மட்டும் மனசில்லாமல்தான் கழித்தேன். ஜனவரியிலும் வெயில் காயும், ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும், பிராடோ மியூசியத்தில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். நீங்கள் இசை என்ற சொல்லை எழுதாமல் இருந்திருந்தால் அங்கேதான் அனுப்பியிருப்பேன். இருட்டும் குளிரும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாது என்றால் இப்போதும் மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சரி, வியன்னா. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வழியாக நேரடி ரயில், சுமார் நாலு மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. ஜெர்மன் ஷெங்கன் விசாவே ஆஸ்திரியாவுக்கும் போதும். ஆனால் பாஸ்போர்ட்டை மகள் வீட்டுப் பீரோவில் பத்திரப்படுத்திவிட்டு நகலோடு கிளம்பாதீர்கள். திரும்பி வரும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது வழக்கம்.

தேதி முக்கியம். ஜனவரி 6 ஆஸ்திரியாவில் விடுமுறை. அதுவரை கிறிஸ்துமஸ், புத்தாண்டு விலைதான் ஓடும். 7ஆம் தேதிக்குப் பிறகு ஓட்டல் வாடகை இறங்கிவிடும். கிழமையும் முக்கியம், புதன் போய் ஞாயிறு திரும்புங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை போனபோது ஒரு திங்கட்கிழமை காலை, கொட்டும் பனியில் ஒரு பெரிய மியூசியத்தின் வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. என்னோடு நின்ற இரண்டு ஜப்பானியப் பெரியவர்கள் கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. அங்கே பல மியூசியங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை: ஒன்றுக்குத் திங்கள், இன்னொன்றுக்குச் செவ்வாய். புதன் முதல் ஞாயிறு வரை என்றால் இந்தத் தலைவலி இல்லை.

இனி நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அது. கலை வரலாற்று மியூசியம் என்று ஒன்று, 1891இல் திறந்தது, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது. முழுதும் பார்க்க முயலாதீர்கள். முழங்காலுக்கு ஆகாது, கண்ணுக்கும் ஆகாது. நேராக ஓவியத் தளத்துக்குப் போய், பீட்டர் ப்ரூகலின் அறை எது என்று கேளுங்கள். உலகத்தில் மிஞ்சியிருக்கும் அவருடைய ஓவியங்களே நாற்பதுதான் இருக்கும். அவற்றில் பன்னிரண்டு இங்கே. அறை நடுவில் உட்கார இருக்கை உண்டு, வீட்டுக்காரரை அங்கே அமர்த்திவிடலாம்.

அந்த அறையில் “பனியில் வேட்டைக்காரர்கள்” என்ற படம், 1565இல் வரைந்தது. மூன்று வேட்டைக்காரர்கள் நாய்க் கூட்டத்தோடு மலைச்சரிவில் இறங்கி வருகிறார்கள். அவர்கள் முதுகுதான் நமக்குத் தெரியும். அத்தனை நாய்களோடு போய் அவர்கள் அடித்துக்கொண்டு வந்தது ஒல்லியான ஒரே ஒரு நரி. இடது ஓரத்தில் விடுதி வாசலில் நாலைந்து பேர் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே உறைந்துபோன குளத்தில் எறும்பு அளவில் ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள், ஒருத்தர் விழுந்தும் கிடக்கிறார். பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு வானம். இதை அச்சில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், வெளியே அதே நிற வானத்தின் கீழ் நடந்து மூக்கு சிவந்து உள்ளே வந்து பார்ப்பது வேறு. ஜூலையில் அரைக்கால்சட்டையோடு வந்து பார்க்கிறவருக்கு இது கிடைக்காது. மாதங்களைப் பற்றி ப்ரூகல் வரைந்த வரிசையில் ஐந்துதான் இன்று இருக்கின்றன. மூன்று இந்த அறையில், ஒன்று நியூயார்க்கில், ஒன்று பிராக்கில். பிராக்கைக் கழித்ததற்கு எனக்கு வருத்தம் இருக்கிறதென்றால் அந்த ஒரு படத்துக்காகத்தான்.

வியாழக்கிழமை இந்த மியூசியம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஆகவே வியாழன் மூன்று மணிக்கு மேல் உள்ளே போங்கள். இருட்டுகிற நேரத்தில் நீங்கள் வெளிச்சத்தில் இருப்பீர்கள். குளிர்காலப் பயணத்துக்கே இது ஒரு நல்ல ஏற்பாடு: இருக்கிற எட்டரை மணி நேர வெளிச்சத்தைத் தெருவுக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்துவிட்டு, மாலையைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்வது. வெள்ளி காலை வெளிச்சத்தில் மேல் பெல்வெடேர் அரண்மனைக்குப் போகலாம். கிளிம்ட் வரைந்த “முத்தம்” அங்கேதான். தங்கத் தகடு மின்னும் அந்தப் படத்தின் முன்னால் குளிர்காலத்திலும் கைபேசிகள் உயர்ந்தபடி இருக்கும், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஜன்னல் வழியே தெரியும் நகரம் பிடிக்கும்.

ஓபராவுக்கு வருவோம். “மேற்கத்திய இசை தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை கச்சேரிக்குப் போன எந்தக் குழந்தைக்கு ராகம் தெரிந்திருந்தது? அரசு ஓபரா அரங்கம் 1869இல் மொசார்ட்டின் ஓபராவோடு திறந்தது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து உள்ளே எரிந்துபோனது. சாப்பாட்டுக்கே திண்டாடிய அந்த ஊர், பத்து வருடத்தில் அதைத் திரும்பக் கட்டி 1955 நவம்பரில் பீத்தோவனின் ஓபராவோடு கதவைத் திறந்தது. உள்ளே ஒவ்வொரு இடத்துக்கு முன்பும் சின்னத் திரை உண்டு, பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடும். நின்று பார்க்க நானூறுக்கு மேல் இடங்கள், நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள், விலை மிகக் குறைவு. பிடித்த இடத்தில் ஒரு துண்டைக் கம்பியில் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வெளியே போவார்கள். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நம் பஸ்ஸில் கர்சீப் போட்டு இடம் பிடிப்பதன் பெரியண்ணன்! ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு நிற்பது ஒத்துவராது. மேல் மாடத்தில் முன்வரிசை இருக்கைகளை இப்போதே இணையத்தில் பாருங்கள். “பார்வை மறைக்கும்” என்று போட்டிருந்தால் அது உண்மையாகவே மறைக்கும், விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வாரம் மொசார்ட்டோ ரோசினியோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். வாக்னர் வேண்டாம். அவருடைய சில ஓபராக்கள் ஐந்து மணி நேரம் போகும், முதல் நாளே அந்தச் சோதனை எதற்கு?

தெருவில் மொசார்ட் காலத்து அங்கி, தலைமுடி எல்லாம் மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்கும் இளைஞர்கள் வருவார்கள். அது பயணிகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சி, ஓபரா அல்ல. சிரித்துவிட்டு நடங்கள். அந்தப் பணத்துக்கு முசிக்ஃபெரைன் மண்டபத்தில் உண்மையான கச்சேரி கேட்கலாம். 1870இல் கட்டிய பொன் மண்டபம் அது. சும்மா ஒரு வயலின் சுருதி சேர்ப்பதே அங்கே கேட்க நன்றாக இருக்கும்.

சாப்பாடு. ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். மெனுவில் “ஃப்ரிட்டாட்டன் சூப்” என்று இருக்கும். தோசையைக் கத்தரித்துப் போட்ட மாதிரி பார்க்க அவ்வளவு சாதுவாக இருக்கும். அது மாட்டிறைச்சிச் சாறு. ரவை உருண்டை சூப்பும் அதே கதைதான். கேட்காமல் எந்த சூப்பையும் தொடாதீர்கள். சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லே (குட்டி நூடுல்ஸ் மாதிரி), ஆப்பிளை மெல்லிய மாவில் சுருட்டிச் சுடும் ஸ்ட்ரூடல் போன்றவை இருக்கின்றன. கைஸர்ஷ்மாரன் என்று ஒன்று, பிய்த்துப் போட்ட இனிப்பு அடை, முட்டை உண்டு. முட்டை சேர்ப்பீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஷ்பெட்ஸ்லேயிலும் முட்டை இருக்கும். சேர்க்காதவர்கள் என்றால் சமையல் வசதியுள்ள அறையாக எடுத்து, மகள் வீட்டிலிருந்து சின்னக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், தயிர் வாங்கி வைத்துவிட வேண்டும்.

காபி பற்றிக் கவலை வேண்டாம். மெலாஞ்ச் கேளுங்கள், பால் நுரையோடு வரும், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைப்பார்கள். கோவைக்காரருக்குச் சற்று இளசாகத் தோன்றும். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் பில்லை நீட்ட மாட்டார்கள். முழங்கால் ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 1880லிருந்து நடக்கும் ஷ்பெர்ல் எனக்குப் பிடித்தது. வாசலில் வரிசை நிற்கும் பிரபலமான இடங்களை விட்டுவிடுங்கள்.

உடுப்பில் ஒன்றே ஒன்று: கனமான ஒரே ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லியதாக மூன்று அடுக்கு. வெளியே பூஜ்யம், உள்ளே இருபத்திரண்டு. மியூசியத்திலும் ஓபராவிலும் மேலங்கியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலணி வழுக்காததாக இருக்கட்டும்.

சனிக்கிழமை வெயில் எட்டிப் பார்த்தால், 71ஆம் எண் டிராம் ஏறி மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். “71இல் ஏறிவிட்டார்” என்றால் வியன்னாப் பேச்சில் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருள். வீட்டுக்காரரிடம் இதைப் போகும்போது சொல்லாமல் வரும்போது சொல்லுங்கள். அங்கே பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் அருகருகே இருக்கிறார்கள். பீத்தோவன் பிறந்தது 1770, நம் தியாகராஜர் 1767. ஒருவர் டான்யூப் கரையிலும் ஒருவர் காவிரிக் கரையிலும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை இரண்டையும் வேறு வேறு யுகமாகவே நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, ஹோஃப்பர்க் அரண்மனையை ஒட்டிய அகஸ்டினர் தேவாலயத்தில் முழு இசைக்குழுவோடு பூசை நடக்கும். ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் பூசைக்கென்றே எழுதிய இசை. டிக்கெட் கிடையாது, தட்டில் போடுவதுதான். யார் வேண்டுமானாலும் போய் அமரலாம், ஆனால் அது வழிபாடு, கைபேசியை எடுக்காதீர்கள். பத்தரைக்கே போனால் உட்கார இடம் கிடைக்கும். பாதியில் எழுந்து ஓடும்படி ஆகிவிடக் கூடாது. அதனால் மியூனிக் ரயிலை மூன்று மணிக்கு மேல் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.